ஐம்பத்தெட்டாயிரம் டாலரும் ஒரு ஜாமீன் கையெழுத்தும்

பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுத்து, ஆராய்ச்சியில் ஒரு பகுதியை அவர்கள் பொறுப்பில் விடுவதற்கு சப்அவார்ட் என்று பெயர். அதுதான் என் வேலை என்று அம்மாவுக்கு விளக்க, "ஜாமீன் கையெழுத்து மாதிரிம்மா" என்றேன். பணம் வாங்கியவர்கள் சரியாகக் கணக்குக் காட்டாவிட்டால் அமெரிக்க அரசு முதலில் எங்கள் கழுத்தைத்தான் பிடிக்கும். "அப்புறம் ஏன் போடுறே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

நான் இருப்பது ஓஹையோவில், ஒரு பல்கலைக்கழகத்தின் கிராண்ட் அலுவலகத்தில். 2024 நவம்பரில் எங்கள் பேராசிரியர் ஒருவருக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிலிருந்து கிராண்ட், அதாவது ஆராய்ச்சி மானியம், வந்தது. ஈரி ஏரியில் கோடைதோறும் படரும் நச்சுப்பாசி பற்றிய ஆய்வு. 2014 ஆகஸ்டில் இந்தப் பாசியால்தான் டொலீடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, காய்ச்சியும் குடிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். கரையோரத்தில் தன்னார்வலர்களைத் திரட்டித் தண்ணீர் மாதிரி எடுக்க ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தைச் சேர்த்திருந்தார்கள். சம்பளத்துக்கு இரண்டே பேர். அரசுப் பணத்தை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

அதே கிராண்டில் ஒரு பெரிய பல்கலைக்கழகமும் பங்காளி. அவர்களுடைய சப் (சப்அவார்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒப்பந்தம் பத்து நாளில் முடிந்துவிட்டது. ஃபெடரல் டெமான்ஸ்ட்ரேஷன் பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பு தயாரித்து வைத்திருக்கும் ஒப்பந்தப் படிவத்தில் பெயர், தொகை, தேதி நிரப்பி, இரு பக்கமும் கையெழுத்து. அவ்வளவுதான்.

தொண்டு நிறுவனத்தின் கதை வேறு. முதலில் பேராசிரியரே வந்து, "சப் எதற்கு, பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுவிடுங்கள், சீக்கிரம் முடியும்" என்றார். போட முடியாது என்று நான் சொன்னதை, வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போல. விதி இதுதான்: எல்லோருக்கும் விற்கும் ஒரு சேவையை நமக்கும் விற்றால் அவர் கான்ட்ராக்டர். ஆராய்ச்சியின் ஒரு பகுதியைத் தானே முடிவெடுத்து நடத்தினால் அவர் சப் வாங்குபவர். பாட்டில்களை வாங்கிப் பரிசோதித்து பில் அனுப்பும் ஆய்வகம் கான்ட்ராக்டர். எந்தக் கரையில் எடுக்கலாம், யாருக்கு எப்படிப் பயிற்சி தரலாம் என்று தீர்மானிக்கும் இவர்கள் சப் வாங்குபவர்கள். அதோடு, கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் தொகை முழுவதற்கும் பல்கலைக்கழகம் மறைமுகச் செலவு பிடிக்கும்; கட்டிடம், மின்சாரம், அலுவலகம் போன்ற பொதுச் செலவுக்காகக் கிராண்டிலிருந்து எடுக்கும் ஒரு சதவீதம் அது. சப் என்றால் ஒரு வரம்பு வரைதான். இதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அடுத்து யு.இ.ஐ. எண். அரசுப் பணத்தில் கிராண்டோ சப்போ வாங்கும் அமைப்புக்கு இருக்க வேண்டிய, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க அடையாளம். தொண்டு நிறுவனத்தின் இயக்குநர் அம்மையார், அரசுப் பணம் வாங்குவோர் பதியும் சாம்.கவ் தளத்தில் முழுப் பதிவையே ஆரம்பித்துவிட்டு மூன்று வாரம் மாட்டிக்கொண்டிருந்தார். சப் வாங்குபவருக்கு எண் மட்டும் போதும், முழுப் பதிவு தேவையில்லை. இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். எண்ணும் லேசில் வரவில்லை: மாநிலப் பதிவில் ஒரு பெயர், மின்சார பில்லில் சுருக்கிய பெயர்.

பட்ஜெட்டில்தான் அதிக நேரம் போனது. இப்படிப்பட்ட சின்ன அமைப்புகளுக்கு அரசோடு தனியாகப் பேசி முடித்த மறைமுகச் செலவு விகிதம் பெரும்பாலும் இருக்காது. அவர்களுக்கென்று ஒரு பொது விகிதம் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அதை 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்த்தினார்கள். விண்ணப்பத்தில் 10 போட்டிருந்தவர்கள், சந்தோஷமாக 15 போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நேரடிச் செலவு 52,000, அதில் 15 சதவீதம் 7,800. ஆனால் அந்த 52,000-க்குள் படகுக் கொட்டகை வாடகை 4,000, பயிலரங்குக்கு வரும் ஆசிரியர்களுக்கான உதவித்தொகை 6,000 இருந்தன. வாடகைக்கும் பங்கேற்பாளர் தொகைக்கும் மறைமுகச் செலவு போட முடியாது. 42,000-க்கு மட்டும் என்றால் 6,300. மொத்தம் 58,300. கைக்கு வந்த 1,500 போகிறது என்று சொன்னபோது, போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிப்ரவரி நடுவில் கையெழுத்தானது. 30,000 டாலரும் அதற்கு மேலும் போகும் சப்களை, அடுத்த மாத முடிவுக்குள் அரசின் வெளிப்படைத் தளத்தில் பதிய வேண்டும். மார்ச் பாதியில் நிதானமாக உட்கார்ந்து பழைய தளத்தைத் திறந்தால், அது மாதத் தொடக்கத்திலேயே மூடப்பட்டு எல்லாம் சாம்.கவ்வுக்குப் போயிருந்தது! முன்கூட்டியே அறிவிப்பு வந்திருந்தது. நான்தான் படிக்காமல் ஒதுக்கியிருந்தேன். புது இடத்தில் எனக்கு அனுமதி கிடைத்தபோது மீதி இருந்தது இரண்டு நாள்.

முதல் இன்வாய்ஸ் ஒரே வரி: "ஏப்ரல் மாத வேலைக்கு". யாருக்கு எவ்வளவு சம்பளம், எதற்கு எவ்வளவு என்று பிரித்து, உண்மை என்று பொறுப்பாளர் உறுதிமொழி போட்டுத் தர வேண்டும். புது அமைப்பு என்பதால் ரிஸ்க் மதிப்பீட்டில் ரசீதுகளும் கேட்பதாக எழுதியிருந்தோம். அவர்கள் ஒரே வாரத்தில் திருத்தி அனுப்பினார்கள். தாமதம் எங்கள் பக்கம். வேலை நடந்ததென்று பேராசிரியர் ஒப்புதல் தராமல் பணம் போகாது. அவரோ ஏரியில், சிக்னல் இல்லாத இடத்தில். சரியான இன்வாய்ஸ் வந்தால் 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது விதி. 41 நாள் ஆனது. அந்த மாதம் அம்மையார் தன் சம்பளத்தை எடுக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது. அதன் பிறகு இன்வாய்ஸ் வந்த அன்றே பேராசிரியருடைய ஆய்வு மாணவரைப் போனில் பிடித்துவிடுவேன்.

செப்டம்பர் 30-ல் சப் முடிந்தது. அதிலிருந்து 90 நாளுக்குள் கடைசி இன்வாய்ஸும் அறிக்கைகளும் வர வேண்டும். நவம்பரில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அறிக்கை, மொத்தம் 58,088 டாலருக்குக் கணக்கு, அதோடு எங்கள் பெயருக்கு 212 டாலர் காசோலை. செலவாகாத மீதியாம். நாங்கள் கொடுத்ததெல்லாம் அவர்கள் செலவு செய்த பிறகு ஈடுகட்டிய பணம். அந்த 212 எங்களைவிட்டுப் போகவே இல்லை. காசோலையை அதே உறையில் வைத்துத் திருப்பி அனுப்பினேன். கூடவே ஒரு சீட்டு: கடைசி இன்வாய்ஸில் 'ஃபைனல்' என்று எழுத மறந்துவிட்டீர்கள், எழுதி இன்னொரு முறை அனுப்புங்கள்.