கிணற்றுக்குள் வந்த கடல்

கடலோரக் கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டமும் உப்பும் அளப்பது என் வேலை. நாடாவின் முனை தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தும். எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம் மின்கடத்துத்திறன் பார்க்கும் கருவியை மெல்ல இறக்குவேன். உப்பு கூடக் கூட எண் ஏறும். கடல்நீருக்கு ஐம்பதாயிரம் மைக்ரோசீமென்ஸ் பக்கம் காட்டும்.

ஒரு கிணற்றில் தண்ணீருக்குள் எட்டு மீட்டர் வரை அறுநூறைத் தாண்டவில்லை. அதற்குக் கீழே சட்டென்று நாலாயிரம். வெளியே எடுத்துக் கழுவி, துடைத்து, மறுபடி இறக்கினேன். அதே நாலாயிரம். அப்படியும் நம்பாமல் பதிவேட்டில் 'கருவிப் பிழை?' என்று எழுதினேன். பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, "ரெண்டு மாசமா சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது தம்பி. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டினா தண்ணிய வாயில வைக்க முடியல" என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

கடல்மட்டம் உயர்கிறது என்றால் அலை கரை தாண்டி வருவதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி உயர்ந்தது சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். 2006–2018 காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். கரையில் நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது. மண்ணுக்கு அடியில் கணக்கு வேறு. நன்னீர் எடை குறைவு; உப்புநீர் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே அது ஒரு மீட்டர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் இறங்கியிருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்: கடல் உயர்ந்தோ மோட்டார் இறைத்தோ மேலே நிற்கும் நன்னீர் ஒரு சாண் குறைந்தால் அடியிலிருந்து உப்பு எட்டு மீட்டர் ஏறும். களிமண்ணும் பாறையும் இந்தக் கணக்கை அப்படியே விடாது, அது வேறு. கடலோடு சேர்ந்து நிலத்தடி நீரும் உயர இடமிருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். மோட்டார் அதை உயர விடுவதில்லை.

"கடலா, என் மோட்டாரா?" என்று அந்த அம்மா கேட்டார். அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்திலும் ஏதாவது ஒன்றைத்தான் எழுதச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை இன்றைக்கு மோட்டார்தான் முதல் குற்றவாளி, கடல் கூட்டாளி. ஆனால் மோட்டாரை நிறுத்தலாம்.

அடுத்த மாதம் எண் தாவிய இடம் ஏழரை மீட்டர். 'கருவிப் பிழை?' என்பதை அடித்துவிட்டேன். அந்த அம்மா உறிஞ்சு குழாயை ஒரு முழம் மேலே தூக்கிக் கட்டியிருந்தார்.