சாரல் மாதத்து ஐசொலேட்டர்

ஜூன் 2
விடிந்ததிலிருந்து சாரல். நாகர்கோவில் கோணத்திலிருந்து ஐசொலேட்டர் கூடு வந்துவிட்டது: கிருமியில்லாச் சுண்டெலிக் குட்டிகளை வளர்க்க, காற்று ஊதி நிறுத்தும் பிளாஸ்டிக் கூடு. 0.5 மி.மீ. பிவிசி படலம், நீள ஓரங்களில் வெல்டிங் சுத்தம். மூலைதான் பிடிக்கவில்லை. மடிப்புகள் சேருகிற இடத்தில் படலம் மெலிந்து பளபளக்கிறது. சூடு கூடினால் இப்படித்தான்: இன்று ஓட்டை இருக்காது, நாலு தடவை மடக்கி விரித்தால் பிளக்கும். மேலே ஒட்டுத்துண்டு போடச் சொல்லியாச்சு.

ஜூன் 3
கையுறை இன்னும் வரவில்லை.

ஜூன் 5
வந்தது, மாட்டியாச்சு. கசிவு பார்க்க உள்ளே அமோனியா நனைத்த பஞ்சை வைத்து, ஊதி, வெளியே அமோனியா பட்டால் சிவக்கும் பினாப்தலீன் துணியால் ஓரம் ஓரமாக ஒற்றினோம். மூலை, போர்ட் (பொருள் நுழையும் வாய்) எல்லாம் வெள்ளை. இடது கையுறை வளையத்தில் மட்டும் துணி சிவந்தது. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்காரவில்லை. குலசேகரத்தில் ரப்பர் பால் வடிகிறது, நாமோ நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பருக்குக் காத்துக் கிடந்தோம். இயற்கை ரப்பர், கூட்டில் கிருமி கொல்லத் தெளிக்கும் பெராசிட்டிக் அமிலத்தில் சீக்கிரம் வெடிப்பு விடும், வேறு வழியில்லை.

ஜூன் 6
முக்குத்தொட்டி பற்றியே நாள் முழுக்கப் பேச்சு: சினை எலியிடமிருந்து அறுத்தெடுக்கும் கருப்பை கூட்டுக்குள் நுழையும் கிருமிநாசினித் தொட்டி. தாயின் வயிற்றுத் தோலில் கூட்டின் படலத்தை ஒட்டி மின்சூட்டுக் கத்தியால் படலத்தோடு சேர்த்து அறுக்கும் முறை பெரிய விலங்குக்குச் சரி. சுண்டெலிக்குக் கருப்பையைக் கிளிப் போட்டு முழுதாக எடுத்து, கிருமிநாசினியில் முக்கி உள்ளே இழுப்பதே லேசு. உள்ளே காற்றழுத்தம் 25 மி.மீ. நீர்மட்டம் என்றால் உள்பக்க மட்டம் இறங்கி, வெளிப்பக்கம் ஏறி, வித்தியாசம் அவ்வளவே வரும். தடுப்புத் தகடு 60 மி.மீ.யாவது மூழ்கியிருக்கட்டும். இரண்டு கையையும் ஒரேயடியாக உருவினால் உள்ளே அழுத்தம் சரிந்து வெளிக்காற்றை இழுக்கும். ஒவ்வொரு கையாக, மெதுவாக. திரவம் 37 டிகிரி. குளிர்ந்தால் குட்டி மூச்சுவிடத் தாமதமாகும். தாய் இறந்த நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் குட்டி வெளியே வர வேண்டும், மூக்கு துடைத்து, ஈரப்பஞ்சால் தேய்த்து, உடம்பு சிவக்கும்வரை விடக்கூடாது.

ஜூன் 9
2% பெராசிட்டிக், அன்றன்று கலக்கியது. கூட்டை நன்றாக ஊதி, சுருக்கம் நிமிர்ந்த பிறகே தெளித்தோம். சுருக்கத்துக்குள் ஈரம் புகாவிட்டால் தெளித்தும் பயனில்லை. காற்று வடிகட்டியின் மைலார் படல மூடியைக் கடைசியில்தான் கிழிக்க வேண்டும். கண்ணாடியிழை நனைந்தால், இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை ஊடுருவி உள்ளே வந்துவிடும்.

ஜூன் 10
கரண்ட் போனது. "மக்கா, தன்னால பேட்டரிக்கு மாறும்" என்றார் எலக்ட்ரீசியன். மாறியது, கூடு பாதி தொய்ந்த பிறகு. ப்ளோயர் நின்றால் கையுறைக்குள் கை கூடாது என்று சுவரில் எழுதியாச்சு.

ஜூன் 12
அமிலத்தின் புளிச்ச வாடை போய்விட்டது. கிருமி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சால் துடைத்து எடுத்தோம்: தரை, போர்ட், இரண்டு கையுறை மடிப்பும்.

ஜூன் 16
121 டிகிரியில் வெந்த உணவு டிரம்மின் ஸ்போர் பட்டை (சூட்டில் எளிதில் சாகாத கிருமிவித்து தடவிய சோதனைத் தாள்), 55 டிகிரியில் வைத்தது, தெளிவு. உணவு பரவாயில்லை. ஆட்டோகிளேவின் நீராவிச் சூட்டில் தயமின் வைட்டமின் அழியும் என்பதால் கூட்டிப் போட்ட உணவுதான் இது.

ஜூன் 19
12-ஆம் தேதிப் பஞ்சு போட்ட 37 டிகிரிக் குழாய்கள் எல்லாம் தெளிவு. அறை வெப்பத்தில் வைத்ததில் ஒன்று அடியில் கலங்கல். இடது கையுறை.

ஜூன் 20
ஸ்லைடு போட்டாயிற்று, கிருமி வகை காட்டும் கிராம் சாயம் காய்கிறது. குட்டிகளுக்குப் பால் கொடுக்க வேண்டிய கிருமியில்லா வளர்ப்புத்தாய் பக்கத்து ஐசொலேட்டரில் நேற்றிரவு ஈன்றுவிட்டாள். சினை எலிக்கு 17-ஆம் நாளே பிரசவத்தைத் தள்ளிப்போடும் மெட்ராக்சிப்ரோஜெஸ்டிரோன் போட்டாச்சு, இனி தள்ளிப்போட இடமில்லை. பூஞ்சை நூல் தெரிந்தால் கூட்டை மொத்தமாக அவிழ்க்க வேண்டும்