விடுதியைப் பார்க்கப் பகலில் மட்டும் போகாதீர்கள்

"லைசென்ஸ் புதுப்பிக்கணும், ஹாஸ்டலை ஒரு தடவை முழுசா பார்த்து எழுதிக் குடும்மா" என்று எங்கள் அறக்கட்டளையில் சொன்னபோது மூன்று நாள் வேலை என்றுதான் நினைத்தேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது.

விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். வெளியூர்ப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்பது விடுதி நடத்தும் எல்லாருக்கும் தெரியும். தீயணைப்புச் சான்றும் சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவும் சிக்கல் இல்லாமல் கிடைத்தன. அலைய வைத்தது தாலுகா ஆபீஸ்தான். முதல் தடவை போனால், பழைய டி படிவத்தின் (கட்டடத்துக்குத் தாசில்தார் தரும் உரிமம்) ஒரிஜினல் இல்லாமல் மனுவைத் தொடவே மாட்டேன் என்றார் எழுத்தர். தேடி எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜினியர் தந்த கட்டட உறுதிச் சான்றில் அவருடைய பதிவு எண் இல்லையாம், திருப்பிக் கொடுத்தார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். மூன்றாம் தடவை போனது திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம், பார்க்க வேண்டியவர் சீட்டிலேயே இல்லை. திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் தப்பு என்னுடையது. காலி மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன். அறுபது கிலோமீட்டர், நல்ல வெயில். ஆய்வகத்தில் பாட்டிலைப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டார்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க அவர்களே சுத்திகரித்துத் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டு, குழாயின் வாயை நெருப்பில் காட்டி, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். பாட்டிலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது தடவை போர் தண்ணீரையும் டேங்க் வழியாக வரும் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாகக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. போர் தண்ணீர் சுத்தம், குழாய்த் தண்ணீரில் கோலிஃபார்ம், அதாவது கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி. மாடி ஏறிப் பார்த்தால் டேங்க் மூடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் புறா எச்சம். அதைத்தான் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். டேங்க்கைக் கழுவி, மூடியை மாற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டோம். கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்கிறதா என்று சமையல்கார அக்காவே இப்போது காலையில் சோதித்து நோட்டில் எழுதுகிறார்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பகலில் மூன்று முறை போயும் என் கண்ணில் படாததை ஒரு பிள்ளைதான் சொன்னாள். வார்டன் பக்கத்தில் இருந்தவரை எதைக் கேட்டாலும் "நல்லாயிருக்கு மிஸ்" என்ற பதில்தான். துணி துவைக்கும் கல்லில் என் கைக்குட்டையை அலசிக்கொண்டே பேச்சுக் கொடுத்தபோது ஏழாவது படிக்கும் அந்தப் பெண் சொன்னாள்: "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நாங்க தண்ணி குடிக்க மாட்டோம் மிஸ். பாத்ரூம்ல லைட் இல்ல. கேட்டையும் பூட்டிடுவாங்க."

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்குச் சொல்லாமல் போனேன். பிள்ளைகள் படுக்கும் ஹாலின் கிரில் கேட் வெளியே பூட்டியிருந்தது. வாசலில் இருந்த வாட்ச்மேன் ஐயாவைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லி, செல்போனில் நேரம் பார்த்தேன். இடுப்பிலிருந்து கொத்தை உருவி, இருட்டில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்துத் திறக்க மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. உள்ளே முப்பத்திரண்டு பிள்ளைகள். தீயணைப்பானோ ஆபீஸ் ரூமுக்குள், அதற்கும் பூட்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் கருகியது ஞாபகம் வந்து எனக்குக் கை நடுங்கியது.

வார்டனைத் திட்டவும் மனசு வரவில்லை. "யாராவது உள்ள பூந்துட்டா நான்தானேம்மா பதில் சொல்லணும்" என்றார். அவர் பயமும் நியாயம்தான். அதனால் காம்பவுண்ட் கேட்டை மட்டும் பூட்டுவது, ஹாலுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள், வார்டன் படுக்கை ஹாலை ஒட்டிய அறைக்கு என்று அங்கேயே பேசி முடித்தோம். தீயணைப்பானை அன்று ராத்திரியே வெளியே கொண்டுவந்து மாட்டினோம். பாத்ரூம் பல்பு மறுநாள் மதியத்துக்குள் எரிந்தது. அதற்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை.

ஃபைல் இப்போது கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது. போன வாரம் மறுபடி ராத்திரியில் போய்ப் பார்த்தேன். ஹால் கேட்டில் பூட்டு இல்லை. குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 எண்ணை ஆபீஸ் சுவரிலிருந்து எடுத்து, பிள்ளைகள் துணி மாட்டும் கொடிக்குப் பக்கத்தில், அவர்கள் கண்ணுக்கு நேராக ஒட்டிவிட்டு வந்தேன்.