கேரவன் பேட்டரிக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் 20 வாட் சோலார்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மின் இணைப்பு இல்லாத ஒரு திறந்தவெளி நிறுத்தகத்தில் எங்கள் கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) நவம்பர் முதல் மார்ச் வரை நிற்கிறது. அதிலுள்ள 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியை அந்த மாதங்களில் ஒரு சிறிய சோலார் பேனலாலேயே காப்பாற்ற முடியுமா என்று இம்முறை செய்து பார்த்தேன்.

பேனல் வாங்குவதற்கு முன், வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்தேன். நெகட்டிவ் முனையைக் கழற்றி இடையில் மல்டிமீட்டரை இணைத்தவுடன் எண் எகிறியது; அலாரம் அடங்கும்வரை சில நிமிடங்கள் பொறுத்தபின் 32 மில்லி ஆம்பியரில் வந்து நின்றது. அற்பமாகத் தோன்றும் இந்த அளவு நாளொன்றுக்கு 0.77 ஆம்பியர்-மணி ஆகிறது. இரண்டு மாதம் தாண்டினால் பாதி பேட்டரி தீர்ந்துவிடும். சார்ஜ் குறைந்த நிலையில் நெடுநாள் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடுவதால், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போய், கடுங்குளிரில் உறைந்துவிடும் அபாயமும் உண்டு.

பேனலின் வாட் எண்ணைவிட அது நிற்கும் கோணமே முக்கியம் என்பது இந்த முயற்சியில் எனக்கு உறுதியாயிற்று. டிசம்பர் பிற்பகுதியில் கென்ட்டில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்துக்கு மேல் எழுவதில்லை. தெளிவான ஒரு நண்பகலில் 20 வாட் பேனலைக் கூரைமேல் படுக்கவைத்தபோது 0.22 ஆம்பியர்தான் கிடைத்தது. அதையே தெற்கு நோக்கிச் செங்குத்தாக நிறுத்தியதும் 0.65 ஆனது. மேகம் மூடிய நாட்களில் படுத்த பேனலே சற்றுக் கூடுதலாகத் தந்தாலும், அந்த அளவு மிகச் சிறியது. கணக்கைத் தூக்கி நிறுத்துபவை இடையிடையே வரும் வெயில் நாட்களே. ஆகவே வண்டியின் முன்புற இழுவைச் சட்டத்தில் பேனலை நிமிர்த்தி, சங்கிலியிட்டுப் பூட்டினேன்.

பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை முறைப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் அதன்பின் பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது இந்த வரிசை தலைகீழாகும். பேட்டரி முனைக்கு அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன். கன்ட்ரோலரும் தன் பங்குக்குச் சுமார் 10 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்வதால், 5 வாட் பேனல் இங்கே போதவே போதாது.

ஜனவரியில் ஒரு வாரம் தொடர்ந்து மூட்டமாக இருந்தபோது, இருட்டியபின் அளந்த மின்னழுத்தம் 12.5 வோல்ட் வரை இறங்கியது. பிப்ரவரி வெயிலில் மீண்டும், முழு சார்ஜைக் காட்டும் 12.7-ஐ எட்டியது. ஏப்ரலுக்குப் பிறகும் வண்டி அங்கேயே நிற்குமானால், உயர்ந்து வரும் சூரியனுக்கு ஏற்பப் பேனலைச் சாய்த்துவைக்க வசதியாக, அதன் தாங்கியில் ஒரு கீலைப் பொருத்திக்கொண்டிருக்கிறேன்.