மூன்றாவது இரவு

சொகுசுக் கப்பலின் பெரிய உணவகத்தில் பரிமாறுகிறவனுக்கு முதல் இரவு முழுக்கக் குழப்பம்தான். தங்கள் மேசை எங்கே என்று வந்தவர்களுக்குத் தெரியாது, யாருக்கு என்ன ஆகாது என்று நமக்குத் தெரியாது. இரண்டாவது இரவில் முகங்கள் பதியும். மூன்றாவது இரவில்தான் ஜன்னலோரத்துக்காரருக்கு ஐஸ் போடாத தண்ணீர், அவர் மனைவிக்குச் சாஸ் தனிக் கிண்ணத்தில் என்று கை தானாகப் போகும். எனக்கு அப்படி. என்னைவிடக் கெட்டிக்காரர்களுக்கு இரண்டு இரவே போதும்.

நான் முதலில் ஏறியது மயாமியிலிருந்து பஹாமாஸ் போய்வரும் கப்பல். வெள்ளிக்கிழமை கிளம்பினால் மூன்று இரவு, திங்கட்கிழமை கிளம்பினால் நான்கு. மேசை எனக்குப் பிடிபடுகிற அன்றைக்கே விருந்தினர்கள் பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடுவார்கள். அந்த மாதிரிக் கப்பலில் கவனிப்பு சுமார்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. உண்மைதானே. ஆனால் அங்கே சுமாராக இருந்த அதே பையன்கள் நீண்ட பயணக் கப்பலுக்கு மாறியதும் பாராட்டுக் கடிதங்களாக வாங்கிக் குவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பயணத்தின் நீளம்தான் காரணம். ஒரு கணக்கு போட்டால் விளங்கும். பழையவர்களை இறக்கிப் புதியவர்களை ஏற்றும் நாளை 'டர்ன்அரவுண்ட்' என்போம். குறும்பயணக் கப்பலில் நான்கு வாரத்துக்கு அது எட்டுத் தடவை வரும். ஏழு இரவு என்றால் நான்கு, 14 இரவு என்றால் இரண்டே தடவை. அன்றைக்கு விடிவதற்குள் காலை உணவு தொடங்கிவிடும். ஒன்பது, ஒன்பதரைக்குக் கடைசி ஆள் இறங்குவார். நண்பகலுக்குள் புதியவர்கள் கைப்பையோடு பஃபேயில் தட்டு ஏந்தி நிற்பார்கள். கீழே, கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும் ஊழியர் பாதையில் (அமெரிக்க நெடுஞ்சாலையின் நினைவாக அதற்கு 'ஐ-95' என்று பெயர்) சரக்கும் பெட்டிகளும் அடைத்துக்கொண்டிருக்கும். ஃபோர்க்லிஃப்டுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும்.

அப்புறம் பாதுகாப்பு ஒத்திகை. 2012-ல் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் கவிழ்ந்தபோது, அன்றைக்கு ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ அதை முடித்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை நடத்த நிற்பவர்களில் பரிமாறுகிற நாங்களும் உண்டு. உயிர்காப்பு உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக இரவு உணவுக்கு ஓடுவோம். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும், அதை இரண்டு துண்டாகப் பிரிக்கலாம், ஒரு துண்டு 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. அந்த மிச்சம் நான்கு மணி நேரம் இருக்கிறதே, துணி துவைக்கவும் கிடைத்ததைச் சாப்பிடவும் சரியாகப் போய்விடும். வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி ஒரு நாளைக் கழித்தவனிடம் முதல் இரவுப் புன்னகையை எதிர்பார்க்கிறீர்கள். அவன் சிரிப்பான். சாஸ் தனிக் கிண்ணத்தில் என்பது மட்டும் நினைவில் நிற்காது.

சாப்பாட்டு விஷயத்தில், சரக்கை மட்டும் பார்த்தால் குறும்பயணம்தான் உசத்தி. வாரம் இரண்டு தடவை சொந்தத் துறைமுகத்துக்குத் திரும்புவதால் லெட்யூஸ் வாடவும் ஸ்ட்ராபெர்ரி கனிந்து குழையவும் நேரமே இல்லை. அப்படியும் தட்டில் அந்த மேன்மை தெரிவதில்லை. வந்திருப்பவர்கள் யார், எப்படிச் சாப்பிடுவார்கள் என்று சமையலறைக்குத் தெரியாது. அதனால் யாரும் வேண்டாமென்று சொல்லாத பண்டங்களையே போடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டேக் கேட்பார்கள். எத்தனை பேர் என்று தெரியாததால் முன்கூட்டியே வாட்டி, சூட்டுப் பெட்டியில் வைப்பார்கள். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களில் அந்நாட்டுச் சுகாதாரச் சோதனை உண்டு. எங்கள் பேச்சில் 'யுஎஸ்பிஹெச்'. சூடானது 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது என்பது அதன் கணக்கு. பெட்டிக்குள் கிடக்கும் இறைச்சி அந்தச் சூட்டில் சும்மா இருக்காது, வெந்துகொண்டே இருக்கும். நடுவில் இளஞ்சிவப்பாகக் கேட்டவருக்குச் சாம்பல் நிறத்தில் போய்ச் சேரும். திட்டு எனக்கு.

இன்னொன்று. நோரோ வைரஸ் ஒட்டினால் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நான் இருந்த கப்பலில் முதல் இரண்டு நாள் பஃபேயில் விருந்தினர் கரண்டியைத் தொடக் கூடாது. நாங்கள்தான் எடுத்துப் போடுவோம். ஏழு இரவுக்காரர் இதை மறந்தே போவார். மூன்று இரவுக்காரரோ, பயணத்தின் பெரும்பகுதியும் தன் உருளைக்கிழங்குக்கு இன்னொருவரிடம் தட்டை நீட்டிவிட்டு ஊர் திரும்புவார்.

அடுத்த வேலை ஒப்பந்தத்தில் அட்லாண்டிக் கடக்கும் கப்பல் கிடைத்தது. வசந்தத்தில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல்கள் இடம் மாறும், இலையுதிர்காலத்தில் திரும்பும். எங்களுக்கு 14 இரவு. ஆறேழு நாள் கரையே கிடையாது. பிறகு அட்லாண்டிக் தீவுத் துறைமுகங்கள்: அசோர்ஸில் போண்டா டெல்காடா, மடீராவில் ஃபுன்ஷால். அதுவரை ஏற்றியதுதான் சரக்கு. கிடங்குக்காரர் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: எது முதலில் சாகும், எது கடைசியில். பெர்ரிகளும் மென்மையான இலைகளும் முதல் நாட்களிலேயே தீர வேண்டும். கேரட், முட்டைக்கோஸ், ஆப்பிள், ஆரஞ்சு கடைசிவரை தாங்கும். வாழைப்பழம் தனி அறையில். அதிகக் குளிரில் தோல் கறுத்துவிடும் என்பதால் 13 டிகிரி வாக்கில் வைப்பார். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்துக் காய்களையும் பழுக்க வைத்துவிடும் என்பது இன்னொரு காரணம். பத்தாவது நாள் சாலட்டில் முட்டைக்கோஸ் கூடியிருந்தால் அதைச் சமையல்காரரின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனாலும் சாப்பாடு முன்னதைவிட நன்றாக இருந்தது. ஐந்தாவது நாளுக்குள் சமையலறைக்கு இவர்களைத் தெரிந்துவிட்டது. சூப் அதிகம் போகும், சீக்கிரமே சாப்பிட வருவார்கள், இனிப்பில் பாதியை வைத்துவிடுவார்கள். அளவு பிடிபட்டதும் சிறு சிறு தொகுதியாகச் சமைக்கலாம். சூட்டுப் பெட்டியில் காத்திருக்கும் நேரம் குறையும். எனக்கும் மூன்றாவது இரவு தாண்டிப் பதினொரு இரவுகள் கையில் இருந்தன.

அதிலும் தொல்லை உண்டு. கிழக்கே போகும்போது ஐந்தாறு இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். விருந்தினர் தூங்கி எழுந்து மதிய உணவுக்கு வரலாம். நாங்கள் வழக்கமான மணிக்கே நிற்க வேண்டும். மேற்கே வரும்போது 25 மணி நேர நாட்கள். திரும்பும் பயணத்தில் கவனிப்பு அருமை என்று எழுதுகிறவர்களுக்குக் காரணம் தெரியாது, எனக்குத் தெரியும்.

பழக்கமும் ஓரளவுக்கு மேல் போனால் வினைதான். இரண்டாவது வாரத்தில் ஒரு பழைய சூப் வேறு பெயரில் வரும். பத்துப் பதினைந்து தடவை கப்பல் ஏறியவர்கள் முதல் கரண்டியிலேயே பிடித்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். சூப்புக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று குறிப்பார். ஒன்பதாவது இரவில் வாசித்துக் காட்டினார்: "நேற்று 11, இன்று 19." மூன்று இரவுப் பயணத்தில் அவருக்கு அந்தப் புத்தகத்தை வெளியே எடுக்கவே நேரம் இருந்திருக்காது. எத்தனை இரவுப் பயணம் நல்லது என்று என்னைக் கேட்டால், ஏழு முதல் பத்து இரவு. சரக்கும் கெடாது, ஆட்களும் பழகியிருப்பார்கள், நோட்டுப் புத்தகமும் வந்திருக்காது.

அதே பயணத்தில் 32-ஆம் மேசையில் ஒரு அம்மாள். உட்காரும் முன்பே எலுமிச்சைத் துண்டு போட்ட வெந்நீர் அவருக்கு மேசையில் இருக்க வேண்டும். மூன்றாவது இரவிலிருந்து கேட்காமலே வைத்தேன். பார்சிலோனாவில் காலையில் எல்லோரும் இறங்கினார்கள், மதியம் புதுக் கூட்டம், ஒத்திகை, ஓட்டம். இரவு 32-க்கு என் கை வெந்நீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டது. அங்கே இருந்தவர் முதன்முறை கப்பல் ஏறியவர். கோப்பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அப்புறம் மரியாதையாக அதில் விரல்களை நனைத்துத் துடைத்துக்கொண்டார். நானும் சரி என்று ஒரு துணி நாப்கினை நீட்டினேன்.