மருந்துத் தட்டு: ஒரு முதியோர் இல்லக் குறிப்பேடு

அக்டோபர் 6

தைராய்டு மாத்திரை காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். நம்ம நாகர்கோவில் பக்கம் கண் விழித்ததும் கட்டஞ்சாயா கேட்பார்கள். அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு 8 மணிக்கு நீட்டினால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு ஏறினால், டோஸைக் கூட்டும் முன் மாத்திரை கொடுத்த நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அக்டோபர் 9

இன்சுலின். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் 100 யூனிட் குப்பி கொண்டுவந்து கொடுப்பதுண்டு, அங்கேதான் ஆபத்து. சீட்டில் 20 யூனிட் இருக்க, அந்தக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்னொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

பால்போல் கலங்கிய இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. இட்லி வெந்துவிட்டதா என்று அடுக்களையில் கேட்காமல் ஊசியை எடுக்காதீர்கள், சாப்பாடு தாமதித்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், பிதற்றல் தெரிந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். வயசாளிகளுக்கு வெறும் தூக்கமாகவும் தெரியலாம். குறைந்திருந்து, நினைவோடு விழுங்க முடிந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. நினைவில்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

அக்டோபர் 10

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள். தினமும் கொடுத்தால் உயிரே போகும். சார்ட்டில் கிழமையை எழுதி, மற்ற ஆறு கட்டங்களையும் அடித்துவிடுங்கள்.

அக்டோபர் 14

விழுங்கச் சிரமம் என்றால் மாத்திரையைப் பொடித்து மட்டிப்பழத்தில் பிசைந்து ஊட்டுவது வழக்கம். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல் என்றிருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். சிரப் உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பார்க்கின்சன் நோயாளியின் லெவோடோபா ஷிப்ட் மாறும் நேரத்தில் தள்ளிப்போகவே கூடாது. ஒரு மணி நேரம் தாமதித்தாலே உடல் விறைத்து, அடுத்த வாய்ச் சோறு தொண்டையில் நிற்கலாம்.

அக்டோபர் 17

அட்டையை வெட்டும்போது காலாவதி தேதி உள்ள முனை கடைசிவரை இருக்கட்டும். கொடுத்தபின் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலும் பல்செட்டுக்கு அடியிலும் பாருங்கள். மாத்திரை இறங்கியபிறகுதான் கையெழுத்து.