ஒரு சென்ட்டுக்கு இரண்டு மிட்டாய்

பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்று எடுத்த நாவல், அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. ஒக்லஹோமாவில் நிலம் பறிபோய், பழைய வண்டியில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பும் ஜோட் குடும்பத்தின் கதை. என்னை உலுக்கியதோ, அவர்களே வராத ஓர் அத்தியாயம்.

நெடுஞ்சாலை 66-இல் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. ஓர் ஏழைத் தகப்பன் 10 சென்ட்டுக்கு மட்டும் ரொட்டி கேட்கிறார். பரிமாறும் பெண் மே முதலில் சிடுசிடுக்கிறாள், அப்புறம் 15 சென்ட் ரொட்டியை அந்த 10 சென்ட்டுக்கே கொடுத்துவிடுகிறாள். அவருடைய பையன்கள் இரண்டு பேரும் மிட்டாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்று 5 சென்ட். அவளோ 'ஒரு சென்ட்டுக்கு ரெண்டு' என்கிறாள். அந்தப் பொய்யில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாங்குகிறவரின் மானத்தையும் சேர்த்தல்லவா காப்பாற்றுகிறாள்!

'கிரேட் கேட்ஸ்பி' என்ற இன்னொரு அமெரிக்க நாவலும் படித்தேன். அழகான எழுத்து, ஆனால் மனசுக்கு இவ்வளவு நெருங்கவில்லை.

ஜோட் குடும்பத்தைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நாவலின் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேச எனக்கு ஆள் வேண்டும்.